மகள் கல்யாணத்துக்கு பி.எஃப். பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 49 வயது. 2035 தொடக்கத்தில் 58 முடிகிறது. கோவைக்குப் பக்கத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் 2015இல் இருந்து குவாலிட்டி சூப்பர்வைசராக இருக்கிறேன். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 18,000. எல்லாம் சேர்த்து 34,000. பிடித்தம் போகக் கைக்கு 31,500. மனைவிக்கு 44 வயது, வீட்டில் தையல், மாதம் 6,000 வரும். அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறோம், வாடகை இல்லை. வீட்டுச் செலவு 24,000, மனைக்கடன் தவணை 6,500, நகைச்சீட்டு 3,000, எல்.ஐ.சி. 1,500. 2003 முதல் 2014 வரை ஒரு மில்லில் இருந்தேன். விலகும்போது பி.எஃப். 1,20,000 வந்தது, பைக் வாங்கினேன். பென்ஷன் பணம் மட்டும் கடைசிவரை வரவில்லை. அலைந்து பார்த்து விட்டுவிட்டேன். இப்போதைய கணக்கில் 3,10,000 இருக்கிறது. கொரோனா சமயத்திலும் ஓடு மாற்றும்போதும் கொஞ்சம் எடுத்தேன். வரும் வைகாசியில் மகள் கல்யாணம். கையில் 2,50,000 இருக்கிறது, இன்னும் அவ்வளவே வேண்டும். பி.எஃப்.பில் எடுத்துவிடலாமா? மகன் இந்த வருடம் இன்ஜினியரிங் சேர்கிறான். அன்னூர் பக்கம் 5 சென்ட் மனை 2017இல் 8 லட்சத்துக்கு வாங்கினேன், இப்போது 15 லட்சம் கேட்கிறார்கள், கடன் 1,40,000 பாக்கி. 'பையன் இருக்கான், அவன் பார்த்துக்குவான்' என்கிறாள் மனைவி. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை 'பென்ஷன் பணம் மட்டும் வரவில்லை' என்ற வரியில் நின்றுவிட்டேன். கல்யாணத்துக்கு வருவதற்கு முன் அதைச் சொல்லிவிடுகிறேன். அது நல்ல செய்தி.

அந்தப் பணம் வராததற்குக் காரணம் யாருடைய அலட்சியமும் இல்லை. பென்ஷன் திட்டத்தில் பத்து வருட சர்வீஸ் முடிந்துவிட்டால் அதை ரொக்கமாக எடுக்க முடியாது. பத்துக்குக் குறைவானவர்கள்தான் எடுக்கலாம். நீங்கள் மில்லில் பதினொரு வருடம் இருந்திருக்கிறீர்கள். ஆகவே பி.எஃப். பங்கைக் கொடுத்துவிட்டு, பென்ஷன் சர்வீஸை அப்படியே வைத்துவிட்டார்கள். அந்தப் பதினொரு வருடமும் இன்றைக்கும் உங்கள் பெயரில் உயிரோடு இருக்கிறது. அதை இப்போதைய கணக்கோடு சேர்க்காமல் விட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

சேர்த்தால் என்ன கிடைக்கும்? பென்ஷன் கணக்கு எளிது. கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருடங்களால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் இந்தக் கணக்குக்கு 15,000தான் உச்சவரம்பு. 2014 செப்டம்பருக்கு முந்தைய வருடங்களுக்கு 6,500. இருபது வருடம் முடித்தவர்களுக்கு இரண்டு வருடம் போனஸாகச் சேரும். இப்போதைய கம்பெனியில் 58 வயதில் உங்களுக்கு 20 வருடம் ஆகியிருக்கும், போனஸோடு 22. 15,000 பெருக்கல் 22, வகுத்தல் 70 என்றால் மாதம் 4,714 ரூபாய். மில் சர்வீஸ் சேர்ந்தால் அதற்கு 11 பெருக்கல் 6,500, வகுத்தல் 70, இன்னொரு 1,021 ரூபாய். ஆக மாதம் 5,700 சொச்சம், உயிர் உள்ளவரை. உங்களுக்குப் பிறகு அதில் பாதி உங்கள் மனைவிக்கு. உச்சவரம்பு மாறினால் இது மாறும். இன்றைய விதிப்படி கணக்கு இதுதான்.

மாதம் ஆயிரம் ரூபாய் சின்னத் தொகையாகத் தோன்றலாம். அதே ஆயிரத்தை மூத்தகுடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இன்றைய வட்டிக்கு வாங்க வேண்டுமானால் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் போட வேண்டும். அலைந்து பார்த்து விட்டுவிட்டேன் என்றீர்களே, அந்த விட்டுப்போன தாளின் விலை ஒன்றரை லட்சம்.

செய்ய வேண்டியது இது. முதலில் பி.எஃப். இணையதளத்தில் உங்கள் யு.ஏ.என். எண்ணில் (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) உள்ளே போய் சர்வீஸ் விவரத்தில் மில்லின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அநேகமாக இருக்காது. யு.ஏ.என். நடைமுறைக்கு வந்ததே நீங்கள் மில்லை விட்ட அந்த 2014இல்தான். பழைய பி.எஃப். எண் மில்லின் சம்பளச் சீட்டில் இருக்கும். வீட்டுப் பரணில் தேடுங்கள், அந்தத் துண்டுச் சீட்டு இப்போது பத்திரத்துக்குச் சமம். அதை எடுத்துக்கொண்டு படிவம் 10சி மூலம் ஸ்கீம் சர்டிபிகேட், அதாவது உங்கள் பழைய பென்ஷன் சர்வீஸுக்கான சான்று, கேளுங்கள். அலுவலகத்துக்குப் போக லீவு கிடைக்காவிட்டால், ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி மாவட்டம்தோறும் பி.எஃப். அலுவலகம் குறைதீர் முகாம் நடத்துகிறது, அங்கே போகலாம். போகும்போது இன்னொன்றையும் பாருங்கள். பாஸ்புக்கில் உங்கள் பங்கு, கம்பெனி பங்கு, பென்ஷன் என்று மூன்று கட்டம் இருக்கும். மூன்றாவது கட்டத்தில் மாதாமாதம் 1,250 விழ வேண்டும். அங்கே பூஜ்யம் இருந்தால் உடனே கம்பெனி எச்.ஆரிடம் கேளுங்கள். பெயரில் ஒரு எழுத்து, பிறந்த தேதியில் ஒரு எண் ஆதாரோடு ஒத்துப்போகாமல் 58 வயதில் மாதக்கணக்கில் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இப்போது திருத்துவது சுலபம்.

சரி, கல்யாணத்துக்கு வருவோம்.

கல்யாணத்துக்கென்று ஒரு பகுதியை எடுக்க விதி இடம் கொடுக்கிறது, நீங்கள் கேட்கும் இரண்டரை லட்சமும் முழுதாகக் கிடைக்காது. ஆனால் எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன், அதுவும் அழுத்தமாக.

72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் எத்தனை வருடத்தில் இரட்டிக்கும் என்பது தெரியும். வட்டி 8 சதவீதம் என்றால் ஒன்பது வருடம். 2024-25க்கு பி.எஃப். வட்டி 8.25. நீங்கள் மில்லை விட்ட நாளில் இருந்து இன்றுவரை அது 8க்குக் கீழே போனதே இல்லை. உங்களுக்கு ஓய்வுக்கு இருப்பது சரியாக ஒன்பது வருடம். ஆகவே இன்று எடுக்கும் இரண்டரை லட்சம் 58 வயதில் ஐந்து லட்சமாக இருந்திருக்கும். 2014இல் எடுத்த 1,20,000ஐ மாற்றிக்கொண்டு வந்திருந்தால் 2035இல் 6 லட்சம். அந்த பைக் இப்போது ஓடுகிறதோ இல்லையோ தெரியாது. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அன்றைக்கு இந்தக் கணக்கை யாரும் உங்களுக்குப் போட்டுக் காட்டவில்லை.

உங்களுக்கு மட்டும் இல்லை, உலகம் முழுக்க இதுதான் நிலைமை. 2004இல் அமெரிக்காவில் ஐம்பது வயது தாண்டியவர்களிடம் அன்னமரியா லுசார்டி, ஒலிவியா மிட்செல் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் மூன்றே கேள்விகள் கேட்டார்கள். வட்டி எப்படிப் பெருகும், விலைவாசி வட்டியை விட வேகமாக ஏறினால் பணத்தின் மதிப்பு என்ன ஆகும், எல்லாப் பணத்தையும் ஒரே கம்பெனியின் பங்கில் போடுவது பாதுகாப்பா. மூன்றுக்கும் சரியாகச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான். நம் நாட்டில் தேசிய நிதிக்கல்வி மையம் 2019இல் எடுத்த ஆய்வில் நிதி விஷயத்தில் அடிப்படைத் தெளிவு உள்ளவர்கள் 27 சதவீதம். பள்ளிக்கூடத்தில் கூட்டுவட்டிக் கணக்கைப் போட்டுத் தேறியவர்கள்தான் நாம். அந்தக் கணக்குக்கும் நம் பாஸ்புக்குக்கும் உள்ள உறவை ஒருவரும் காட்டித்தரவில்லை.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஓய்வுபெற்ற ஒரு ஃபிட்டர் மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மஞ்சள் பை நிறையக் காகிதங்களோடு என்னிடம் வந்தார். 2021இல் பி.எஃப்.பும் கிராஜுவிட்டியும் சேர்ந்து 14 லட்சம் வாங்கியவர். பையில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் அடுக்கினார். மகன் வீட்டு அட்வான்ஸுக்கு 4 லட்சம். மைத்துனருக்குக் கைமாற்று 2 லட்சம், அதற்கு ஒரு வெள்ளைத்தாள். லட்சத்துக்கு மாதம் 2,000 தருவதாகச் சொன்ன ஒரு நிதி நிறுவனத்தில் 5 லட்சம், அதற்கு மட்டும் பளபளவென்று லேமினேட் செய்த சான்றிதழ். பதினான்கு மாதம் வட்டி வந்தது, பிறகு அலுவலகமே இல்லை. மீதி 3 லட்சம் வீட்டுச் செலவில் கரைந்துவிட்டது. பென்ஷன் மாதம் 2,340. அவர் இப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவு வாட்ச்மேன்.

14 லட்சம் கைக்கு வந்த அன்று அவர் தன்னைப் பெரிய பணக்காரராக நினைத்திருக்கிறார். அதில் அவர் தப்பு எதுவும் இல்லை. முப்பது வருடம் மாதச் சம்பளத்தில் ஓட்டியவருக்கு லட்சங்கள் ஒரே நாளில் வந்தால் அப்படித்தான் இருக்கும். அதே 14 லட்சத்தை அன்றைய 7.4 சதவீத வட்டியில் தபால் ஆபீஸில் போட்டிருந்தால் மாதத்துக்கு 8,600 ரூபாய்தான் வந்திருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால், மைத்துனருக்கு 2 லட்சம் கொடுக்கும்போது அவர் கை கொஞ்சம் நடுங்கியிருக்கும். அதனால்தான் என்னிடம் வருகிறவர்களிடம் முதுமையை லட்சத்தில் எண்ண வேண்டாம், மாதத்தில் எண்ணுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அரிசி மாதாமாதம் வாங்குகிறோம், கரண்ட் பில்லும் மருந்துச் சீட்டும் நாள் தவறாமல் வருகின்றன. வருமானமும் அப்படியே வந்தாக வேண்டும்.

உங்கள் கணக்கை மாதத்தில் போட்டுப் பார்ப்போம். இதைத் தனியாகப் போடாதீர்கள், மனைவியை உட்கார வைத்துக்கொண்டு போடுங்கள். காஸ் சிலிண்டர் எத்தனை நாளைக்கு வருகிறது என்று கணவன்மார்களிடம் கேட்டால் பெரும்பாலும் பக்கத்தில் திரும்பி மனைவி முகத்தைப் பார்க்கிறார்கள். வீட்டின் உண்மையான கணக்கு அவர்களிடம்தான் இருக்கிறது. 24,000 செலவில் பிள்ளைகளுக்கு ஆகிறதைக் கழித்து, மருந்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் கொஞ்சம் கூட்டினால் உங்கள் இருவருக்கு இன்றைய விலையில் 20,000 வேண்டும் என்று வைத்துக்கொள்கிறேன். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் 2035இல் அதே சாப்பாட்டுக்கும் அதே மருந்துக்கும் 34,000 வேண்டியிருக்கும்.

வரவு என்ன? பென்ஷன் 5,700. பி.எஃப்.பைத் தொடாமல் விட்டால் இப்போதுள்ள 3,10,000 ஆறே கால் லட்சம் ஆகும். மாதாமாதம் உங்கள் பங்கு 2,160, கம்பெனிப் பங்கில் பென்ஷன் போக 910, ஆக 3,070 சேருகிறது. அது ஒன்பது வருடத்தில் நாலரை லட்சத்தைத் தாண்டும். இரண்டும் சேர்ந்து 11 லட்சம் என்று வையுங்கள். மூத்தகுடிமக்கள் திட்டத்தில் இன்றைய 8.2 சதவீதத்துக்கு அது மாதம் 7,500 தரும். அப்புறம், கிராஜுவிட்டியைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. அது உங்கள் உரிமை. வருடத்துக்கு 15 நாள் சம்பளம், 26ஆல் வகுத்து. இன்றைய 18,000க்கே 20 வருடத்துக்கு 2,07,000 வருகிறது, சம்பளம் ஏறினால் இதுவும் ஏறும். எல்.ஐ.சி. முதிர்வுத் தொகையை நீங்கள் குறிப்பிடவில்லை. பாலிசிப் பத்திரத்தில் உள்ள தொகையையும் இதுவரை சேர்ந்த போனஸையும் கிளையில் கேட்டு எழுதி வாங்குங்கள். அதை இப்போதைக்குக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆக, இன்றைய பாதையிலேயே போனால் மாதம் 13,000, 14,000 வரவு, 34,000 தேவை. பி.எஃப்.பில் இரண்டரை லட்சத்தை எடுத்துவிட்டால் வரவு 10,000க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். உங்களுக்குத் தூக்கம் வராதது நியாயம்தான். ஆனால் ஒன்பது வருடம் கையில் இருக்கிறது. ஐம்பத்தேழு வயதில் இந்தக் கடிதம் வந்திருந்தால் என்னால் பெரிதாக ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

என் யோசனை மனையை விற்பது. இதைப் படித்ததும் உங்களுக்குச் சுருக்கென்று இருக்கும், தெரியும். நம் பக்கத்தில் மண்ணை விற்பது என்றாலே குடும்பம் இறங்கிவிட்டது என்று பேசுவார்கள். யோசித்துப் பாருங்கள். அந்த 5 சென்ட் இன்று மாதம் 6,500 ரூபாயை உங்களிடம் வாங்கிக்கொள்கிறது, ஒரு ரூபாயும் திருப்பித் தரவில்லை. 58 வயதில் அவசரத்துக்கு விற்கப் போனால் வாங்குகிறவர் சொல்வதுதான் விலை. இப்போது நீங்கள் நிதானமாக விற்கலாம். 15 லட்சத்துக்கு விற்றால் கடன் பாக்கி, வருமான வரி, புரோக்கர் கமிஷன் எல்லாம் போக 12 லட்சம் நிற்கும். மூலதன ஆதாய வரியில், அதாவது விற்ற லாபத்துக்கான வரியில், உங்களுக்கு இரண்டு வழி உண்டு. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய மனை என்பதால், வாங்கிய விலையை விலைவாசிக் குறியீட்டால் ஏற்றிக் கணக்கிட்டு 20 சதவீதம் அல்லது குறியீடு இல்லாமல் 12.5 சதவீதம், எது குறைவோ அதைக் கட்டலாம். ஆடிட்டரிடம் இரண்டையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதி மீதியை ரொக்கமாக வாங்கும் பேச்சு வரும். வேண்டாம், நிம்மதி போய்விடும்.

12 லட்சத்தில் இரண்டரை லட்சம் கல்யாணத்துக்கு. ஒன்றரை லட்சத்தை வங்கியில் தனியாக, அவசரத்துக்கென்று வையுங்கள். கொரோனா சமயத்தில் அப்படி ஒரு தொகை இருந்திருந்தால் பி.எஃப்.பைத் தொட்டிருக்க மாட்டீர்கள். ஒரு லட்சம் மகன் கல்லூரியில் சேரும் செலவுக்கு. மீதி 7 லட்சம் உங்கள் இருவரின் முதுமைக்கு. அதைத் தேசிய சேமிப்புப் பத்திரத்தில் 7.7 சதவீதத்துக்குப் போட்டு ஐந்து வருடத்தில் மறுபடி புதுப்பித்தால், வட்டி இதே அளவில் இருக்கும்வரை, 58இல் அதன் மதிப்பு 13 லட்சத்தைத் தாண்டியிருக்கும், இரண்டாவது ஐந்து வருடம் முடிந்து கைக்கு வருவது அடுத்த வருடம். ஒரு பகுதியை இன்டெக்ஸ் ஃபண்டில் (பங்குச்சந்தைக் குறியீட்டோடு ஏறி இறங்கும் ஃபண்டு) போடலாமா என்று கேட்பீர்கள். ஒன்றரை, இரண்டு லட்சம் வரை போடலாம், ஆனால் பாதியாக இறங்கினாலும் தொடாமல் இருக்கும் மனம் இருக்க வேண்டும். அது உங்களுக்கு இருக்குமா என்று கடிதத்தில் இருந்து என்னால் சொல்ல முடியவில்லை. சந்தேகம் என்றால் பத்திரமே போதும்.

இதில் நான் பெரிதாக நினைப்பது அடுத்தது. தவணை நின்றதும் மாதம் 6,500 கையில் மிஞ்சும். அதை ஒரு மாதம்கூட வீட்டுச் செலவோடு கலக்கவிடாதீர்கள். கம்பெனியில் எழுதிக் கொடுத்தால் உங்கள் விருப்பப் பங்காக அதையும் பி.எஃப்.பிலேயே பிடித்துக்கொள்வார்கள், அதே வட்டிதான். வி.பி.எஃப். என்று கேளுங்கள். ஒன்பது வருடத்தில் அது மட்டுமே 10 லட்சத்தைத் தொடும். இதுவரை மனைக்குப் போன அதே பணம்தான், புதிதாக வயிற்றைக் கட்ட வேண்டியதில்லை.

எல்லாம் சேர்த்தால் பி.எஃப். 11, விருப்பப் பங்கு 10, பத்திரம் 13, கிராஜுவிட்டி 2, ஆக 36 லட்சம். அதில் 30 லட்சத்தை மூத்தகுடிமக்கள் திட்டத்தில் போடலாம், ஒருவருக்கு அதுதான் உச்சம். வயது 60 ஆக வேண்டும் என்பார்கள். 55க்கு மேல் பணி ஓய்வு பெற்றவர்கள் ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் அந்தப் பணத்தை மட்டும் போடலாம், இதை மறக்காதீர்கள். பத்திரப் பணத்தை 60 ஆன பிறகுதான் இதில் சேர்க்க முடியும். 30 லட்சமும் சேர்ந்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500, அதாவது மாதம் 20,500. பென்ஷனோடு 26,000. 34,000க்கு இன்னும் 8,000 குறைகிறது. இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. உங்கள் கை வேலை தெரிந்த கை. குவாலிட்டியில் இருபது வருட அனுபவம் உள்ளவருக்குச் சின்னப் பட்டறைகளில் 58க்குப் பிறகும் வேலை கிடைக்கும். மூன்று, நான்கு வருடம் அப்படி ஓட்டினால் மீதமுள்ள 6 லட்சமும் எல்.ஐ.சி. பணமும் தொடாமல் வளரும். சம்பளம் வருகிறவரை பென்ஷனையும் தள்ளிப்போடலாம். 60 வயதுவரை தள்ளினால் வருடத்துக்கு 4 சதவீதம் கூட்டித் தருவார்கள்.

மகன் படிப்புக்குக் கல்விக்கடன் வாங்குங்கள். நீங்கள் கஷ்டப்பட்டுக் கட்டலாம் என்று நினைப்பது புரிகிறது. ஏழரை லட்சம் வரை அரசின் கடன் உத்தரவாதத் திட்டத்தில் ஈடு இல்லாமல் வங்கிகள் தருகின்றன, படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை. கடன் அவன் பெயரில் இருக்கட்டும், அவன் சம்பளத்தில் கட்டட்டும். முதல் சம்பளத்தில் ஒரு தவணை கட்டுகிற பையனுக்குப் பணத்தின் மீது வேறு ஒரு மரியாதை வரும்.

உங்கள் மனைவி சொன்னதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பையன் பார்த்துக்கொள்ளட்டும், நல்ல பிள்ளையாக இருக்கட்டும். ஆனால் 2035இல் அவனுக்கு 27 வயது இருக்கும். கல்விக்கடன் அப்போதுதான் முடிந்திருக்கும், கல்யாணம், வாடகை, ஒருவேளை ஒரு குழந்தை. அந்த நேரத்தில் மாதம் 34,000க்கு அவனையே நம்பியிருப்பதும், 8,000க்கு அவன் தோள் கொடுப்பதும் ஒன்றா? இரண்டாவதை அவனால் முகம் சுளிக்காமல் செய்ய முடியும். மனைவியிடம் இந்தக் கணக்கையே காட்டுங்கள், வாதம் வேண்டாம்.

மருத்துவக் காப்பீட்டைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) உங்களுக்கு உண்டா என்று கம்பெனியில் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பெனி குரூப் பாலிசி இருந்தாலும் ஓய்வு பெறும் நாளோடு அது முடிந்துவிடும். இருவருக்கும் சேர்த்து 5 லட்சத்துக்கு ஒரு பாலிசியை இந்த வருடமே எடுங்கள். வருடத்துக்கு ஏறக்குறைய 20,000 ஆகலாம், கல்யாணம் முடிந்ததும் நிற்கப்போகும் நகைச்சீட்டுப் பணம் இதற்குப் போதும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் ஒளிக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று வருடம்தான். இப்போது தொடங்கினால் 52இல் முழுப் பாதுகாப்பும் வந்துவிடும். ஒளித்து எழுதினால் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது பாலிசி கைவிடும்.

மனைவிக்கென்று ஒன்று. மத்திய அரசின் அடல் பென்ஷன் திட்டத்தில் சேர 40 வயதுதான் எல்லை, அவருக்கு அது தாண்டிவிட்டது. ஆனால் அவர் தையல் தொழிலாளி. தமிழ்நாடு தையல் தொழிலாளர் நல வாரியத்தில் உறுப்பினராகலாம், 60 வயதுக்குப் பிறகு மாத ஓய்வூதியம் உண்டு. பிள்ளைகளின் கல்விக்கும் கல்யாணத்துக்கும் உதவித்தொகை உண்டு. வைகாசிக்கு முன்பே பதிந்துவிட முடிகிறதா என்று தொழிலாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள். வீட்டில் உட்கார்ந்து தைக்கிறவர்கள் பலர் தங்களைத் தொழிலாளி என்றே நினைப்பதில்லை, அதனால் பதிவதும் இல்லை. இருபது வருடமாக மெஷின் மிதித்தவருக்கு அந்த அட்டை உரியது.

58 வயதில் பணம் வரும் வாரம் உங்கள் வீட்டுக்குப் பலர் வருவார்கள். வங்கியில் டெபாசிட் போடப் போனால், ஒரே தடவை பிரீமியம் கட்டும் பாலிசியை நீட்டுவார்கள். தெரிந்தவர் ஒருவர் மாதம் இரண்டு வட்டி தரும் இடத்தைச் சொல்வார். வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, அந்த இடத்துக்கு எதுவும் இல்லை. பணம் வந்த பிறகு மூன்று மாதம் யாருக்கும் எதுவும் தருவதில்லை என்று இப்போதே மனைவியும் நீங்களும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் மில் சம்பளச் சீட்டைத் தேடுங்கள். கிடைத்ததும் பழைய எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி, யு.ஏ.என். எண், பாஸ்வேர்டு, நாமினி பெயர் மூன்றையும் அதன் கீழே எழுதி மனைவியிடம் கொடுத்து வையுங்கள். நாமினி இடத்தில் இன்னும் உங்கள் அம்மா பெயர் இருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். மகள் கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும். ஸ்கீம் சர்டிபிகேட் கைக்கு வந்ததும் அதில் எத்தனை வருட சர்வீஸ் போட்டிருக்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள், பதினொன்றுக்குக் குறைவாக இருந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன்.